விளையாட்டு மீட்டுக்குப் பத்து நாள் இருக்கையில் ஓட்டக்காரன் பையில் புகையிலை: விதியை எப்படி நடத்துவது?

கேள்வி: எல்லையோர உடற்கல்வி ஆசிரியர்

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், தமிழ் வழியும் மலையாள வழியும் சேர்ந்து நடக்கிற ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்க்கிறேன். பள்ளியின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் எழுத மாட்டேன். விவரம் தெரிந்தவர்கள் இதைப் படிக்க நேர்ந்தாலும் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவன்தான் எங்கள் 800 மீட்டர் ஓட்டக்காரன். தொடர் ஓட்டத்தில் கடைசிச் சுற்றும் அவனுடையதே. உபஜில்லா மீட்டுக்கு, அதாவது துணை மாவட்ட அளவிலான பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு, இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. சென்ற செவ்வாய்க்கிழமை மாலைப் பயிற்சியில் அவனுடைய ஸ்பைக்ஸில் ஓர் ஆணி தளர்ந்துவிட்டது. ஆணி திருகும் சாவியை எடுக்க அவன் பையைத் திறந்தபோது, பழைய கேன்வாஸ் ஷூவுக்குள், சுருட்டி வைத்த காலுறையின் நடுவே, உதட்டுக்கடியில் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பாக்கெட் இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவன் மைதானத்தின் மறுகோடியில் பனை மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டான். கூப்பிடாமலே வந்தான். கீழ் உதட்டை விலக்கிக் காட்டச் சொன்னேன். ஈறுக்கும் உதட்டுக்கும் இடையில், ஊறிய தோல்போலச் சுருங்கி வெளுத்த ஒரு தடம், என் கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு இருந்தது.

“எத்தனை நாளாடா?” என்று கேட்டேன். “ஓணம் லீவுல இருந்து சார். இதை வெச்சா பசி தெரியாது. மூணாவது ரவுண்டுல பயமும் இருக்காது” என்றான். வாங்குவது எங்கே என்றதற்கு, சைக்கிளில் எல்லை தாண்டிப் போனால் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் கேட்ட மாத்திரத்தில் கொடுக்கிறார்கள் என்றான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அணியில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். புகையிலை, மது, போதைப்பொருள் எதையாவது பயன்படுத்துவது தெரிந்தால் ஓராண்டுக்கு அணியில் இடமில்லை என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. எழுதியது நான்தான். சென்ற ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் கழிப்பறைக்குப் பின்னால் பீடியோடு பிடித்து, அன்றைக்கே நீக்கினோம். நீளம் தாண்டுபவன்; பதக்கம் வாங்கக்கூடியவன் என்று யாரும் நினைத்ததில்லை. அதன்பின் அவன் மைதானத்துப் பக்கமே வரவில்லை. இப்போது பள்ளி விட்டதும் மாமாவின் இளநீர் லாரியில் குலை ஏற்றுகிறான்.

இந்த ஆண்டு பிடிபட்டவன் பதக்கம் வாங்கக்கூடியவன். “மீட் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம்” என்கிறது நிர்வாகம். விஷயம் தெரிந்த சக ஆசிரியர்களில் சிலரும் அதையே சொல்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனை ஓடவிட்டால் பீடிக்காக நீக்கிய பையனின் முகத்தில் எப்படி விழிப்பேன்? நிறுத்தினால், பசிக்காகவும் பயத்துக்காகவும் அதை வாயில் வைத்த பிள்ளையிடமிருந்து அவனுக்கு இருக்கும் ஒரே பிடிப்பையும் நானே பறித்தவன் ஆகிவிடுவேனோ? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேலந்தாவளம்

தம்பி, உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் விட்ட ஒன்றை முதலில் சொல்கிறேன். உங்கள் விதி ஓராண்டு என்றுதானே சொல்கிறது? பீடி பிடித்த பையனைச் சென்ற ஆண்டு ஜூனில் நீக்கினீர்கள். அப்படியானால் இந்த ஜூனிலேயே அவன் தண்டனைக் காலம் முடிந்துவிட்டது. யாராவது அவன் வீட்டுக்குப் போய், “உன் ஆண்டு முடிந்தது, நாளைக்கு மைதானத்துக்கு வா” என்று சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால், எழுதியிருந்த தண்டனையைவிடப் பெரிய தண்டனையை அவனுக்குக் கொடுத்துவிட்டோம் என்றுதான் பொருள். ஓட்டக்காரனைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்னால் அந்தக் கணக்கைத் தீருங்கள்.

அடுத்தது, ஓட்டக்காரன். அவனை இந்த மீட்டில் ஓடவிடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீட் முடிந்தபின் பேசலாம் என்று சொல்கிறவர்கள் பிள்ளையின் நன்மையை உத்தேசித்துச் சொல்லவில்லை. பள்ளிக்கு வரும் புள்ளிகளை உத்தேசித்துச் சொல்கிறார்கள். அது அவனுக்கும் புரியும், அணியில் உள்ள மற்ற பிள்ளைகளுக்கும் புரியும். வேகமாக ஓடுகிறவனுக்கு ஒரு விதி, மெதுவாக ஓடுகிறவனுக்கு ஒரு விதி என்று ஒருமுறை பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிட்டால், அடுத்த ஜூனில் நீங்கள் நீட்டும் தாளில் அவர்கள் போடும் கையெழுத்துக்கு ஒரு மதிப்பும் இருக்காது.

ஆனால் அணியிலிருந்து நிறுத்துவது வேறு, மைதானத்திலிருந்து விரட்டுவது வேறு. உங்கள் தாளில் மைதானத்துக்கு வரக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்காது என்றே நினைக்கிறேன். பயிற்சிக்கு அவன் தினமும் வரவேண்டும், வருகை பதிய வேண்டும்.

விசாரிக்கும் முறையும் முக்கியம். தாயையோ தந்தையையோ தனியாக வரச் சொல்லி, பையனையும் உட்காரவைத்து, கண்டது என்ன, அவன் சொன்னது என்ன, முடிவு என்ன, எந்தத் தேதிவரை என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். அசெம்பிளியில் பெயர் சொல்லாதீர்கள். பையனின் மேல் புகார் என்று காவல் நிலையத்துக்கும் போகாதீர்கள். 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும், கல்வி நிலையங்களிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதையும் தடைசெய்கிறது. அங்கே குற்றவாளி விற்கிறவர்தானே தவிர, வாங்கி வாயில் வைக்கும் சிறுவன் இல்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். கடை தமிழ்நாட்டில் இருக்கிறது, பள்ளி கேரளத்தில் இருக்கிறது என்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இவை இரண்டும் மத்தியச் சட்டங்கள்; நூறு கஜ எல்லைக்கு அப்பால் இருந்தாலும் சிறுவனுக்கு விற்றது குற்றம்தான். பையனின் பெயர் வராமல், கடையைப் பற்றி மட்டும் அந்தப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடைசெய்து தீர்ப்பளித்தபோது நான் பணியில் இருந்தேன். அதுவரை எங்கள் ஆசிரியர் அறை ஜன்னல் திண்டில் ஒரு சிரட்டை இருக்கும், பீடித் துண்டுகளைப் போடுவதற்கு. அந்தச் சிரட்டையை எடுத்த பிறகுதான் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசும் துணிவு எங்களுக்கு வந்தது. உங்கள் பள்ளியில் அப்படி ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் பாருங்கள்.


பதில் 2: ஒரு தகப்பன், கோவிந்தாபுரம்

தலைமையாசிரியர் ஐயா மேல் மரியாதை வைத்தே மாறுபடுகிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாநில மீட் வரை போனால் கிடைக்கும் கிரேஸ் மார்க் சாதாரண விஷயம் இல்லை. டியூஷனுக்கு அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளை கால் பலத்தால் சம்பாதிக்கும் மதிப்பெண் அது. உபஜில்லாவில் ஓடினால்தான் ரெவன்யூ ஜில்லா என்கிற மாவட்ட மீட், அங்கே ஜெயித்தால்தான் மாநிலம். முதல் படியில் நிறுத்தினால் ஒரு மீட் மட்டும் போகாது, அந்த ஆண்டு முழுவதும் போய்விடும். ஒரு பாக்கெட் புகையிலைக்கு அவ்வளவு விலையா?

என் மூத்த மகனும் கபடி ஆடியவன். அவனை இதே மாதிரியான ஒரு தவற்றுக்கு ஒரு பள்ளியில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அவன் படிப்பிலும் நாட்டம் இழந்தான். பிள்ளையைத் திருத்துவதுதான் நோக்கம் என்றால், ஓடவிட்டு, மீட் முடிந்ததும் மூன்று மாதம் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையைக் கொடுங்கள். கையெழுத்துப் போட்ட பெற்றோரில் பாதிப் பேர் அந்தத் தாளைப் படித்திருக்கவே மாட்டார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.


பதில் 3: பல் மருத்துவர், பொள்ளாச்சி

ஆசிரியர் எழுதிய அந்த வெளுத்த தடத்தைப் பற்றி முதலில். பொட்டலம் வைக்கும் இடத்தில் சளிச்சவ்வு தடித்துச் சுருங்குவதை நான் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன். இப்போதெல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் பார்க்கிறேன். பழக்கத்தை நிறுத்தினால் இளம் வயதில் பெரும்பாலும் அது சில வாரங்களில் மறையத் தொடங்கும். நிறுத்தி இரண்டு வாரம் ஆகியும் மாறாமல் இருந்தாலோ, சிவந்து புண்ணானாலோ, உடனே ஒரு பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகை இல்லாத புகையிலையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிப்படுத்திய விஷயம். புகை இல்லை என்பதால் ஆபத்து குறைவு என்று பிள்ளைகள் நினைப்பதுதான் பெரிய இடர்.

பசியும் பயமும் தெரியாது என்று அவன் சொன்னது பொய்யில்லை. நிகோடின் பசியை மந்தப்படுத்தும். அட்ரினலினைச் சுரக்கவைத்து ஒரு விறுவிறுப்பையும் தரும். ஆனால் அதே நேரத்தில் நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றி, ரத்தக் குழாய்களைச் சுருக்கும். 800 மீட்டர் ஓடுகிறவனின் இதயம் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே பாதி வேலை பார்த்த நிலையில் இருக்கும். காலையில் எழுந்ததும் எண்ணும் நாடித் துடிப்பைக் குறித்துவைக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால், ஓணத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

“இது ஊக்கமருந்துப் பட்டியலில் இல்லையே” என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். உண்மைதான், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு நிகோடினை 2012 முதல் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது, தடைசெய்யவில்லை. அதனால் பள்ளி தன் விதியை ஊக்கமருந்து என்ற பெயரில் நியாயப்படுத்தக் கூடாது. பதினாறு வயதுப் பிள்ளையின் உடலும் அவன் கொடுத்த வாக்கும் போதுமான காரணங்கள்.

கோவிந்தாபுரம் ஐயாவுக்கு ஒன்று. புகையிலையை நிறுத்திய முதல் சில நாட்கள்தான் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி எல்லாம் அதிகமாக இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். பத்து நாளில் ஓட வேண்டும் என்றால் அவன் நிறுத்தவே மாட்டான். மீட் முடியட்டும் என்று மறைவாகத் தொடர்வான். ஓடவிடுவதை நான் ஏற்காததற்கு ஒழுங்கு விதியைவிட இதுதான் காரணம். பயிற்சியைத் தொடரவிடுங்கள், உடலுழைப்பு அந்த ஏக்கத்தைக் குறைக்க உதவும். புகையிலையை விட விரும்புவோருக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு அவனைப் பேசவையுங்கள். நிகோடின் சூயிங்கத்தை மட்டும் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த வயதுக்கு அதை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

முக்கியமானதை விட்டுவிட்டேன். அவன் மதியம் என்ன சாப்பிடுகிறான்? பயிற்சிக்கு முன் என்ன சாப்பிடுகிறான்? பசியை மறைக்கப் புகையிலை வைக்கிற பிள்ளைக்கு முதல் மருந்து சோறு.


பதில் 4: பழைய தடைஓட்டக்காரி, மீனாட்சிபுரம்

2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில நாட்கள் இருக்கையில், ஜப்பான் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் தலைவி ஷோகோ மியாதா புகைபிடித்ததும் மது அருந்தியதும் தெரியவந்து அணியிலிருந்து விலகினார். அவருக்கு அப்போது 19 வயது. ஜப்பானில் இரண்டுக்கும் 20 வயது ஆக வேண்டும். ஐவராக ஆட வேண்டிய அணி நால்வரோடு ஆடியது. அந்த நாட்டிலேயே, செய்தது சரி என்றும் ஒரு சிறு பெண்ணுக்கு இது மிதமிஞ்சிய தண்டனை என்றும் இரு பக்கமும் பேசினார்கள். அணித்தலைவி என்பதற்காக விதியை வளைக்காததை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பெண் அறையைக் காலிசெய்து ஊர் திரும்பிய பயணத்தைத்தான் அன்றைக்கு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்கப் பள்ளிகளில் படிப்படியான தண்டனை வைத்திருக்கிறார்கள். மினசோட்டா மாநிலப் பள்ளி விளையாட்டுக் கழக விதிப்படி முதல் முறை பிடிபட்டால் அடுத்த இரண்டு போட்டிகள் அல்லது இரண்டு வாரம், இதில் எது அதிகமோ அதற்குத் தடை. மறுபடியும் பிடிபட்டால் தடை நீளும். அங்கே ஒரு பருவத்தில் வாராவாரம் போட்டி இருக்கிறது, அதனால் அது பொருந்துகிறது. நமக்கு ஆண்டுக்கு ஒரே ஏணி. கோவிந்தாபுரம் அண்ணா சொன்ன அந்த இடத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே அடுத்த ஜூனில் தாளை மாற்றி எழுதுங்கள். முதல் தவறு, இரண்டாம் தவறு என்று பிரியுங்கள். தானாக வந்து ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்குத் தண்டனை குறைய வேண்டும். அந்தத் தாளைப் பெற்றோருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். மலையாளத்தில் மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் எங்கள் அம்மா மாதிரி ஆட்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் இந்த ஆண்டின் விதியை ஆண்டின் நடுவில், நல்ல ஓட்டக்காரன் மாட்டிய பிறகு தளர்த்தக் கூடாது. தளர்த்தினால் அது அவனுக்காகவே தளர்த்தியது ஆகிவிடும்.


கேள்வி கேட்டவர் மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பல் மருத்துவர் சொன்னதும் நாடித் துடிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்டில் காலைத் துடிப்பு 58, 60 என்று இருந்த பையனுக்கு அக்டோபரில் 70-ஐ ஒட்டியே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. இதை அவன் தாயிடம் சொல்லி, என் பங்குத் தவறு என்று அந்தத் தாளிலேயே எழுதவைத்தேன்.

அவனை மீட்டிலிருந்து நிறுத்தியாயிற்று. நிர்வாகத்துக்கு மனக்கசப்புதான். தொடர் ஓட்டத்தில் கடைசிச் சுற்றுக்கு வேறொரு பையனை மாற்றியிருக்கிறேன், நாங்கள் தோற்கலாம். நிறுத்தப்பட்டவன் அழுதான், இரண்டு நாள் வரவில்லை, மூன்றாம் நாள் வந்தான். இப்போது ஸ்டாப்வாட்ச் அவன் கையில் இருக்கிறது, மற்றவர்களுக்கு நேரம் பார்க்கிறான். பிறகு தன் ஓட்டத்தையும் ஓடுகிறான். பிளஸ் டூவில் அவனுக்கு இன்னொரு மீட் இருக்கிறது என்பதைத் தாயும் புரிந்துகொண்டார். காலையில் வெறும் கட்டஞ்சாயாவோடு (பாலில்லாத தேநீர்) வீட்டைவிட்டுக் கிளம்புகிறான், மதியச் சோற்றுக்குப் பிறகு மாலை ஆறரைவரை ஒன்றுமில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத் (பி.டி.ஏ.) தலைவரிடம் பேசி, பயிற்சிக்கு முன்னால் அணி முழுவதுக்கும் அவித்த முட்டையும் நேந்திரம் பழமும் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். இலவச எண்ணுக்கு இருவரும் சேர்ந்தே பேசினோம். கடையைப் பற்றிய புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை.

தலைமையாசிரியர் ஐயா கேட்ட அந்தக் கேள்விக்கு வருகிறேன். யாரும் போய்ச் சொல்லவில்லை ஐயா, நானும் சொல்லவில்லை. வியாழக்கிழமை மாலை இளநீர்க் குலை ஏற்றும் தோப்புக்கே போனேன். லாரிக்கு மேலே நின்று குலையை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கீழே இறங்கிக் கையைத் துடைத்தான். உன் தண்டனை ஜூனோடு முடிந்துவிட்டது, உன்னிடம் சொல்லாமல் விட்டது என் தவறு என்றேன். அவன் பதில் எதுவும் சொல்லவில்லை. அவன் மாமாதான், “அப்படின்னா இந்த வருசமே போயிருக்கலாமா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

நேற்று வந்தான். பழைய ஷூ காலுக்குப் பற்றவில்லை என்று வெறுங்காலோடு வந்திருந்தான். தாண்டும் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து மணலைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இதைக் கிளறி எத்தனை நாளாச்சு சார்? கல்லு மாதிரி கிடக்கு” என்றான். மண்வெட்டியை எடுத்துவர ஓட்டக்காரன் ஸ்டோர் ரூமுக்கு ஓடினான்.